தானாக எரிந்த திரை

டமார் டமார் என்று யாரோ இரண்டு கைகளாலும் ஷட்டரை அறைந்தார்கள். அலமாரிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த ஸ்பேனரின் கையிலிருந்து கோப்பு நழுவி, தாள்கள் தரையெங்கும் பரவின.

"புதுசா கேஸ் குடுக்க வர்றவங்களா இருந்தா பெல் அடிப்பாங்க சார்," என்றாள், தாள்களைப் பொறுக்கியபடி. "இது நம்மளைப் பத்தி ஏற்கெனவே தெரிஞ்சவங்க."

"பெல் வேலை செய்யல," என்றார் மாஜி.

"அதைத்தான் நானும் சொல்றேன்."

மாஜி என்பது அவருடைய பெயர் இல்லை. போலீஸ் வேலையை அவர் விட்டாரா, வேலை அவரை விட்டதா என்பது யாருக்கும் சரியாகத் தெரியாது. மாஜி இன்ஸ்பெக்டர் என்று ஆரம்பித்தது, நாளாவட்டத்தில் இன்ஸ்பெக்டர் உதிர்ந்து மாஜி மட்டும் மிஞ்சிவிட்டது. இப்போதெல்லாம் அவர் எண்ணிலிருந்து அழைப்பு போனால் எந்த ஸ்டேஷனிலும் போனை எடுப்பதில்லை. ஸ்பேனர் இதற்கு முன்னால் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் இருந்தவள். ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. அப்படியே கூப்பிட்டால் வாய் வலிக்கிறது என்று மாஜி சுருக்கியதில் கருவியே மாறிப்போயிற்று.

அந்தத் துப்பறியும் அலுவலகத்தின் அலமாரியில் இரண்டு தட்டுகள். கண்டுபிடித்த வழக்குகள் மேலே, கைவிட்டவை கீழே. மேல்தட்டில் ஸ்பேனரின் சாப்பாட்டு டப்பாவுக்குத் தாராளமாக இடம் இருந்தது. கீழ்த்தட்டில் ஒரு கோப்பைச் செருக வேண்டுமென்றால் முழங்காலால் முட்டுக்கொடுத்துத் தள்ள வேண்டும். அவள் தள்ளிக்கொண்டிருந்த கோப்புக்குச் சொந்தக்காரிதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

தையல்காரம்மா. கழுத்தில் அளவு டேப். ரவிக்கைக் கையில் ஒட்டியிருந்த நூல் துணுக்குகளைத் தட்டிவிடக்கூட நேரமில்லாமல் வந்திருந்தாள்.

"தேடறதை நிறுத்திடுங்க சார்," என்றாள். "என் பையன் வந்துட்டான்."

மாஜி எழுந்து நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். காணாமல் போன மகனை இரண்டு மாதமாகத் தேடுகிறார்கள். நண்பர்கள், விடுதிகள், பஸ் நிலையங்கள். ஒரு நூல் முனைகூடக் கையில் சிக்கவில்லை. ஆம்புலன்ஸ் கண்ட்ரோல் ரூமுக்கு வாரம் தவறாமல் போன் போட்டது ஸ்பேனர்தான். கொஞ்சம் கரகரத்த ஒரு பெண் குரல் ஒவ்வொரு தடவையும் ஒரே பதிலைச் சொல்லும்: "அப்படி யாரும் வரலீங்க. வந்தா நானே கூப்பிடறேன்." அந்த 'நானே'யை மட்டும் நிறுத்தி, அழுத்திச் சொல்லும். அது கூப்பிட்டதே இல்லை.

"எங்கம்மா இருக்கார்?" என்றார் மாஜி.

"நான் பாக்கல."

"பாக்கலையா?"

"காலையில மாடிக்கு வந்துட்டுப் போயிடறான். வெளிப்பக்கமா ஒரு இரும்புப் படி இருக்கு இல்ல, அது வழியா. என்கிட்ட முகம் குடுக்கல. கோபம் இன்னும் மிச்சம் இருக்கு."

தலைக்கு மேல் மின்விசிறி கிறீச் கிறீச் என்று அரைத்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தின் தைரியத்தில் ஸ்பேனர் மாஜியின் காதோரம் உதட்டை அசைத்தாள். "வர்றது பையனா, பால்காரரா?"

"பால்காரருக்கு என் மாடியில என்னம்மா வேலை?" என்றாள் தையல்காரம்மா, திரும்பாமலேயே.

ஸ்பேனர் குனிந்து தாள்களை அடுக்கினாள்.

"வந்தான்னு எப்படிச் சொல்றீங்க?" என்றார் மாஜி.

"அவன் கம்ப்யூட்டர் ஒரு தினுசு சார்." தையல்காரம்மா டேப்பை விரலில் சுற்றினாள். "கரண்ட் வந்தா தானா எழுந்துக்கும். உள்ள காத்தாடி சுத்தும். ஆனா திரை மட்டும் கறுப்பாவே இருக்கும். அவன் வந்து உக்காந்து, ஒண்ணுமே தெரியாத அந்தக் கறுப்பைப் பாத்துக்கிட்டே கடகடன்னு என்னமோ தட்டுவான். கடைசியில ஒரே ஒரு தட்டு, பலமா. அப்புறம்தான் படம் வரும். தானா வர்ற மாதிரி வெச்சுக்கயேண்டான்னா, 'இதுதாம்மா என் பூட்டு, சாவி என் விரல்ல இருக்கு'ம்பான். காலையில அந்தக் கடகடவைக் கேட்டுட்டுத்தான் நான் கீழ பெடல்லயே கால் வைப்பேன். எங்க ரெண்டு பேருக்கும் அதுதான் குட் மார்னிங்."

"இப்போ?"

"ஒரு வாரமா, அவனுக்கு டீ எடுத்துட்டு மேல போனா திரை எரியுது. அவன் வரைஞ்ச நீல வீடு தெரியுது. அவன் விரல் படாம அது எரியாது சார். அப்போ வந்திருக்கான்னுதானே அர்த்தம்?"

"டீயைக் குடிச்சாரா?" என்றாள் ஸ்பேனர்.

"கோபமா இருக்கறவன் டீ குடிப்பானா?"

அந்தக் கோபத்தின் கதை கோப்பில் முதல் பக்கத்திலேயே இருந்தது. மகனுக்கு வேலை, கட்டாத வீடுகளைக் கட்டியதுபோலப் படமாக்கிக் காட்டுவது. ஒரு படம் முழுமையாக உருவாக அந்தக் கம்ப்யூட்டர் ராத்திரி பூராவும் ஓட வேண்டும். தையல்காரம்மாவுக்கோ படுக்கப் போகும் முன் மாடிக்கான மெயின் சுவிட்சைக் கீழேயிருந்தே அணைத்துவிட்டு, காலையில் போடுவது பழக்கம். மேலே ஏதாவது தீப்பிடித்துவிடும் என்று பயம். பல தடவை சொல்லியாயிற்று, சண்டை போட்டாயிற்று. அன்றைக்கும் அணைத்துவிட்டாள். முடியப்போகிற படம் போயிற்று. அதோடு அந்த வேலையும் போயிற்று. "இந்த வீட்டுல எனக்கு வெளிச்சமே கிடையாதும்மா" என்று சொல்லிவிட்டு இருட்டில் படியிறங்கினவன்தான்.

"இப்பவும் ராத்திரி மெயினை அணைக்கறீங்களா?" என்றார் மாஜி.

தையல்காரம்மா தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். "பழக்கம் சார். கை தானாப் போயிடுது."

ஸ்பேனருக்கு அது உறுத்தியது. வேறொருத்தியாக இருந்தால் அந்த சுவிட்சைச் சுவரோடு பெயர்த்தெடுத்து வீதியில் வீசியிருப்பாள்.

"இந்த ஒரு வாரத்துல தட்டற சத்தம் கேட்டுதாம்மா?"

டேப் விரலில் இன்னொரு சுற்று சுற்றியது. "காது மந்தமாயிடுச்சு சார். வயசாகுது இல்ல."

"ஒரே ஒரு காலை நாங்க மாடியில உக்காந்து பாக்கறோம். அப்புறம் நிறுத்திடறோம்."

"எதுக்கு சார்? ஆள் இருக்கறது தெரிஞ்சா அவன் வராமலே போயிடுவான்."

"சத்தமே போட மாட்டோம்."

அவள் சேலைத் தலைப்பில் முடிந்திருந்த சாவி ஒன்றை அவிழ்த்து மேஜையில் வைத்தாள். வைத்த பிறகும் அதன்மேல் விரலை எடுக்காமல் கொஞ்சநேரம் நின்றாள்.

அவள் போனதும் ஸ்பேனர் கோப்பை மேல்தட்டுக்குத் தூக்கினாள். "ரொம்ப நாளைக்கு அப்புறம் என் டப்பாவுக்குத் துணை கிடைச்சிருக்கு சார்."

"இறக்கு," என்றார் மாஜி. "மேஜை மேலயே இருக்கட்டும்."

*

மறுநாள் காலை அந்த இரும்புப் படியில் அவர்கள் ஏறியபோது, எவ்வளவு மெதுவாகக் கால் வைத்தாலும் ஒவ்வொரு படியும் முனகியது.

"திருட்டுத்தனமா வர்றதுக்கு இந்தப் படியைவிட மேளக்காரங்களோட வரலாம்," என்று கிசுகிசுத்தாள் ஸ்பேனர்.

அறை சின்னது. ஒரு மேஜை, ஒரு சுழல் நாற்காலி, மேல்மூடி இல்லாத கம்ப்யூட்டர். இரண்டு பழைய கம்ப்யூட்டர்களைப் பிரித்து ஒன்றாகக் கட்டியிருக்கிறான் என்று பார்த்தவுடனேயே ஸ்பேனருக்குத் தெரிந்தது. வயர்களைக்கூடத் தையல் நூலால் அழகாகக் கட்டி வைத்திருந்தான். கொக்கியில் அவன் சட்டை ஒன்று. உள்பக்கமாக ஒரு சின்னப் பை வைத்துத் தைத்திருந்தது, பென் டிரைவ் போட்டுக்கொள்ள. தரை மரப்பலகை. அதற்கு நேர் கீழே தையல் கடை. அங்கே யாரோ கத்தரிக்கோலை மேஜையில் வைத்த சத்தம் இங்கே கேட்டது.

இருவரும் துணி அலமாரிக்குப் பின்னால் ஒண்டினார்கள்.

"வந்தா என்ன சார் சொல்றது? 'தம்பி, அம்மாகிட்ட பேசுங்க'ன்னா?"

"வரட்டும்."

அந்த ஒரு சொல்லில் இருந்த ஆசை ஸ்பேனருக்குப் புதிதாக இருந்தது. மாஜி எதற்கும் ஆசைப்பட்டு அவள் பார்த்ததில்லை.

கீழே டக் என்று மெயின் சுவிட்சைப் போடும் சத்தம் கேட்டது. மேஜைமேல் கம்ப்யூட்டரின் காற்றாடி, மேடேறும் பழைய பஸ்ஸைப் போல மூச்சிரைத்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. திரை கறுப்பாகவே இருந்தது. இருவரும் கதவைப் பார்த்தார்கள். படி முனகவில்லை. கதவு அசையவில்லை.

திரை ஒருமுறை சிமிட்டியது. சாம்பல் நிறமாயிற்று. பிறகு நீலச் சுவர்களும் வெள்ளை ஜன்னல்களுமாக ஒரு வீடு பளீரென்று வந்து நின்றது.

நாற்காலி காலியாக இருந்தது.

"சார்," என்றாள் ஸ்பேனர். "பேய்க்குக்கூட விரல் வேணும்."

அவள் வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். உள்ளே நுழையப் பாஸ்வேர்டுகூடக் கேட்கவில்லை. எங்கெங்கோ திறந்தாள், மூடினாள். மாஜி அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார், சமையல் புரியாதவர் அடுப்படியில் நிற்பது போல.

"புரியற மாதிரி சொல்லு."

"இதுல ஓடறது லினக்ஸ், விண்டோஸ் மாதிரி இன்னொண்ணு. உள்ள கிராபிக்ஸ் கார்டுன்னு ஒண்ணு இருக்கு சார், திரையில படம் காட்டறது அதுதான். ஆனா அது ஒரு வெளியூர் சமையல்காரர் மாதிரி. நல்லா சமைப்பார், வீட்டுல இருக்கறவங்க பேசற பாஷை மட்டும் புரியாது. நடுவுல நின்னு சொல்றதுக்கு டிரைவர்னு ஒரு புரோகிராம் வரணும். சாதாரணமா எல்லார் வீட்டுலயும் கம்ப்யூட்டர் எழுந்துக்கும்போதே அது தானா வந்துடும். இவர் வராதேன்னு தடுத்து வெச்சிருந்தார். தினமும் தானே கையால தட்டிக் கூப்பிடுவார். அம்மா சொன்ன கடகட அதுதான்."

"இப்போ?"

"தடையை யாரோ எடுத்துட்டாங்க. எழுந்ததும் யாரைக் கூப்பிடணும்னு சொல்ற இடத்துல அந்த டிரைவர் பேரை எழுதிட்டாங்க. ஒரே ஒரு வரி. அதோட பாஸ்வேர்டு கேக்காம உள்ள விடற மாதிரியும் பண்ணிட்டாங்க. இனிமே இதுக்கு மனுஷனே தேவையில்ல. அம்மா கீழ மெயினைப் போட்டா போதும், மேல வீடு வந்துடும்."

"எதையாவது திருடியிருக்காங்களா?"

"அதான் சார் வேடிக்கை. அவர் படத்தைத் தொடல, மெயிலைத் தொடல. உள்ள வந்து, திரை தானா எரியணும்னு மட்டும் பண்ணிட்டுக் கதவைச் சாத்திட்டுப் போயிருக்காங்க. இப்படி ஒரு கைங்கரியத்தை நான் கடையில பண்ணினா கஸ்டமர் டிப்ஸ் குடுப்பார்."

மாஜி குனிந்து விசைப்பலகையைப் பார்த்தார். கறுப்பு விசைகள். ஒன்றில்கூட எழுத்து இல்லை.

"எழுத்தில்லாததாப் பாத்து வாங்கியிருக்கார்," என்றாள் ஸ்பேனர். "அலட்டல். எங்க தொழில்ல இது ஒரு வியாதி."

"அப்போ இது என்ன?"

ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோதுதான் அவளுக்கும் தெரிந்தது. எல்லா விசைகளிலும் இல்லை, சிலவற்றின் ஓரங்களில் மட்டும் லேசான நீலத் தீற்றல்கள். எழுதி அழித்த எழுத்துகளின் மிச்சம். ஸ்பேனர் விரலால் தொட்டு முகர்ந்தாள். துணியில் அளவுக் கோடு போடும் நீலச் சாக்பீஸ்.

"எது எந்த எழுத்துன்னு தெரியாத ஆள்," என்றாள் மெதுவாக. "தேவையான எழுத்துகளை மட்டும் கேட்டுக் கேட்டு எழுதி வெச்சுக்கிட்டுத் தட்டியிருக்காங்க. சாக்பீஸ் கீழ கடையில இருந்து வந்திருக்கு. அப்போ வெளியாள் இல்ல சார். சந்தோஷமான விஷயம்தானே? வீட்டு ஆள் யாரோ, பாவம், அம்மா மனசு ஆறட்டும்னு."

மாஜி ஜன்னலுக்குப் போனார். ஸ்பேனர் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முதுகில் இருந்து நல்ல சேதி எதுவும் எப்போதும் வந்ததில்லை.

"யோசிச்சுப் பாரு," என்றார். "உன் தம்பி கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான். என்னைக்காவது வருவான்னு நம்பிக்கிட்டிருக்கே. அப்போ இப்படி ஒரு பொய்யை ஜோடிப்பியா? நாளைக்கே அவன் வாசல்ல வந்து நின்னு, 'நான் எங்கம்மா வந்தேன்'னு கேட்டா என்ன ஆகும்?"

"மாட்டிக்குவேன்."

"மாட்டிக்க மாட்டோம்னு நிச்சயமாத் தெரிஞ்சவங்கதான் இதைப் பண்ண முடியும்."

காற்றாடி இரைந்துகொண்டிருந்தது. திரையில் அந்த நீல வீடு, குடியேற ஆளில்லாமல், விளக்குப் போட்டுக்கொண்டு நின்றது.

அப்போது இரும்புப் படி முனகியது.

*

உள்ளே வந்தவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் அடையாள அட்டை பின்பக்கம் திரும்பித் தொங்கியது. கண்களுக்குக் கீழே தூக்கமில்லாத வேலையின் கருமை. முதலில் திரையைப் பார்த்தாள், பிறகுதான் மனிதர்களைப் பார்த்தாள்.

"யார் நீங்க?" என்று கேட்டவள், பதிலுக்கு முன்னாலேயே புரிந்துகொண்டாள். "ஓ, தேடறவங்களா. நான் இந்த வீட்டுப் பொண்ணு. அவனுக்கு அக்கா. அடுத்த தெருவுல இருக்கேன். வேலை முடிஞ்சு போறப்போ இப்படி எட்டிப் பாத்துட்டுப் போவேன்."

"உக்காருங்க," என்றார் மாஜி.

"இல்ல, நேரமாச்சு. ஏதாவது தெரிஞ்சா அம்மாகிட்ட நேரா சொல்லிடாதீங்க. அவங்க தாங்க மாட்டாங்க. உங்க நம்பர் குடுங்க. நானே கூப்பிடறேன்."

ஸ்பேனர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றாள். அந்தக் கரகரப்பு. அந்த நிறுத்தம். அந்த அழுத்தம். எட்டு வாரம் போனில் கேட்ட குரல், முகத்தோடு அவள் எதிரில் நின்றது.

"என் நம்பர் உங்ககிட்ட இருக்கேக்கா," என்றாள். "வாரா வாரம் கூப்பிடுவேனே. 'அப்படி யாரும் வரலீங்க'ன்னு சொல்லுவீங்க."

அக்கா, யாரோ தோளைப் பிடித்து அழுத்தினது போல அந்தச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தாள். நாற்காலி கிறீச்சிட்டது.

"ஆம்புலன்ஸ் கண்ட்ரோல் ரூம்," என்றார் மாஜி. "அம்மா எங்ககிட்ட, 'பொண்ணுக்குப் போன்ல பேசற வேலை'ன்னு மட்டும்தான் சொன்னாங்க."

"போன்ல பேசற வேலைதான் சார்." அவள் குரலைத் தணித்துக்கொண்டாள். "அன்னைக்கு அந்த போனை எடுத்ததும் நான்தான். லாரிக்காரர் ஒருத்தர். ஓடிப் போகல, பாவம், நின்னு கூப்பிட்டார். இருட்டுல குறுக்க வந்துட்டாருங்கன்னு அழுதார். அடையாளம் சொல்லுங்கன்னேன். வழக்கமாக் கேக்கறதுதான். சட்டைக்கு உள்பக்கமா ஒரு பை தைச்சிருக்கு, அதுல ஒரு சின்னக் குச்சி மாதிரி என்னமோ இருக்குன்னார்."

ஸ்பேனர் கொக்கியில் தொங்கிய சட்டையைப் பார்க்காமல் இருக்க முயன்றாள்.

"உள்பக்கமா பை வைக்கற தையல்காரங்க எங்கம்மா மட்டும்தான்," என்றாள் அக்கா. "வண்டியை அனுப்பிட்டு, ஹெட்போனைக் கழட்டி வெச்சுட்டு, நானும் போனேன். போய்ச் சேரறதுக்கு முன்னாடியே முடிஞ்சுபோச்சு. அம்மா மெயினை அணைச்சு அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. அதைப் போய் நான் எப்படிச் சொல்லுவேன்? அணைச்ச அந்தக் கையாலதானே சார் அவங்க சாப்பிடணும், தைக்கணும். எல்லாத்தையும் நானே முடிச்சேன். கூட வேலை பாக்கறவங்க ரெண்டு பேர் வந்தாங்க. அவ்வளவுதான் அவனுக்கு."

"நாங்க ரெண்டு மாசமா அலைஞ்சோம்," என்றார் மாஜி. கோபமாகச் சொல்ல நினைத்தது அப்படி வரவில்லை.

"நீங்க தேடற வரைக்கும் அம்மா காலையில எழுந்தாங்க. அதனாலதான் விட்டேன். உங்க போன் வந்தா எனக்கே மாத்திவிடச் சொல்லி வெச்சிருந்தேன். அப்புறம் நீங்களும் ஓய்ஞ்சுட்டீங்க. அம்மா சாப்பாட்டை நிறுத்திட்டாங்க. போன வாரம் ஊசியை விரல்ல ஏத்திக்கிட்டாங்க. ரத்தம் துணியெல்லாம். அவங்களுக்கு வலிக்கக்கூட இல்ல, பாத்துக்கிட்டே உக்காந்திருந்தாங்க. அன்னைக்குத்தான் தோணுச்சு. எங்க ஆபீஸ்ல கம்ப்யூட்டர் பாக்கறவரைக் கேட்டேன். அவர் போன்ல ஒவ்வொரு எழுத்தாச் சொல்லச் சொல்ல, சாக்பீஸால எழுதி எழுதித் தட்டினேன்."

"பாஸ்வேர்டு?" என்றாள் ஸ்பேனர்.

"சின்ன வயசுல எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு ரகசிய வார்த்தை இருந்தது. அதையே வெச்சிருந்தான், முட்டாள்." அவள் திரையைப் பார்த்தாள். "மறுநாள் அம்மா ரெண்டு வாய் சாப்பிட்டாங்க. 'வந்துட்டுப் போறான்டி'ன்னாங்க. நானும் ஆமாம்மான்னேன். இதைப் பிடுங்கிடாதீங்க சார். இது ஒண்ணுதான் மிச்சம்."

மாஜி போலீஸில் இருந்த காலத்தில் எத்தனையோ வீட்டு வாசலில் நின்று இந்த மாதிரிச் சேதியைச் சொன்னவர். ஒவ்வொரு தடவையும் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சொல்வாராம். இப்போது கழற்றத் தொப்பிகூட இல்லை.

"எத்தனை நாளைக்கு?" என்றார் கடைசியில்.

"தெரியல சார்."

ஸ்பேனருக்குத் தெரியும். தினமும் ராத்திரி, ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட்டை வெடுக்கென்று பிடுங்கினால், இந்த வயசான இயந்திரம் ஒரு நாள் எழுந்திருக்காது. காற்றாடி சுற்றும், திரை கறுப்பாக நிற்கும். அந்தக் காலையில் தையல்காரம்மா டீயோடு மேலே வருவாள். மகன் இரண்டாவது தடவை போய்விட்டதாக நினைப்பாள்.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். நாற்காலி மறுபடி கிறீச்சிட்டது.

*

உள்படி வழியாக அவர்கள் கீழே இறங்கியபோது தையல்காரம்மா மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஊசிக்குக் கீழே ஒரு பள்ளிச் சீருடைக் காலர். கால் பெடல்மேல் இருந்தது, மிதிக்கவில்லை. எவ்வளவு நேரமாக மிதிக்கவில்லையோ. பக்கத்தில் ஒரு டம்ளர் டீ, மேலே ஆடை படிந்து போய்.

மாஜி தொண்டையைச் செருமினார். ஸ்பேனர் தரையைப் பார்த்துக்கொண்டாள். தலைக்கு மேல் பலகையில் அக்காவின் செருப்பு நாலு எட்டு வைப்பது கேட்டது. அப்புறம் இரும்புப் படி, ஒவ்வொன்றாக, முதல் படியிலிருந்து கடைசிப் படி வரைக்கும். ஒன்றுகூடத் தப்பாமல் கேட்டது.

"நாங்க தேடறதை நிறுத்திடறோம்மா," என்றார் மாஜி.

"நல்லது சார்."

அவ்வளவுதான். வந்தானா என்று அவள் கேட்கவில்லை. எப்படி இருக்கிறான், இளைத்திருக்கிறானா, என்னைப் பற்றி ஏதாவது சொன்னானா, எதையும் கேட்கவில்லை. காலரின் ஓரத்தை நகத்தால் நீவிக்கொண்டிருந்தாள்.

"சாவி," என்று மாஜி மேஜைமேல் வைத்தார்.

"இருக்கட்டும் சார்."

போகத் திரும்பினவர்கள் வாசலில் நின்றார்கள். கதவுக்குப் பக்கத்துச் சுவரில் அந்த மெயின் சுவிட்ச். பல வருஷ விரல்கள் பட்டு, கைப்பிடியில் பெயிண்ட் போய்ப் பளபளத்தது. ஸ்பேனருக்கு மனசு கேட்கவில்லை. தன்னால் முடிந்த ஒரே ரிப்பேர் இதுதான் என்று பட்டது. அந்தத் திரையை இன்னும் கொஞ்ச காலம் உயிரோடு வைத்திருக்க வேறு வழி அவளுக்குத் தெரியவில்லை.

"அம்மா, ஒரு விஷயம்," என்றாள். "ராத்திரி ராத்திரி இதை அணைக்காதீங்க. ஓடிக்கிட்டிருக்கும்போது அணைச்சா மேல அந்த மெஷின் கெட்டுப் போயிடும். தீயெல்லாம் பிடிக்காது, நான் வயர் எல்லாம் பாத்துட்டேன். இனிமே போட்டே வெச்சுடுங்க."

தையல்காரம்மா முதல்முறையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். குழந்தை தெரியாமல் கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி, மெதுவாக, பொறுமையாகச் சொன்னாள்:

"அணைக்காம விட்டா எப்படிம்மா? ராத்திரி நான் அணைச்சாத்தானே காலையில அவன் வருவான்."